"ப்ரீசெட் தானே?" என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு

எச்சரிக்கை: நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்காரவும்.

கம்ப்யூட்டரில் இசை செய்கிறவர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் கூடினால் ஒரு வசவு கட்டாயம் காதில் விழும். "அவனா? சும்மா ப்ரீசெட் தட்டுறவன்பா." அவ்வளவுதான். அந்த ஆள் போட்ட மெட்டு, கோர்த்த ஸ்வரம், கட்டிய தாளம் எல்லாம் அந்த ஒரு வரியில் காலி. சொன்னவர் ஏதோ மூங்கிலை வெட்டித் துளை போட்டுத் தானே புல்லாங்குழல் செய்து வாசிப்பவர் போல ஒரு பார்வை பார்ப்பார். அவருடைய லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் அங்கேயும் ப்ரீசெட்தான் இருக்கும், அது வேறு கதை :-)

இந்த வசவு முட்டாள்தனமானது மட்டும் இல்லை, அநியாயமானதும்கூட என்பதுதான் என் கட்சி. ஏனென்று வரிசையாகச் சொல்கிறேன்.

இசைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத வகுப்புத் தோழர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். மென்பொருள் சிந்தசைசர் என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஓர் ஒலி இயந்திரம். ஆஸிலேட்டர் என்ற பகுதி அலையை உண்டாக்கும். ஃபில்டர் அதில் வேண்டாததை வடிகட்டும். என்வலப் என்பது ஒலி எப்படிப் பிறந்து எப்படி அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். எல்எஃப்ஓ அதை ஆட்டி அசைக்கும். இப்படித் திருகுவதற்கு நூற்றுக்கணக்கில் குமிழ்கள் உண்டு. ஒன்றையும் தொடாமல் கட்டையை அழுத்தினால் 'ங்ஙீ...' என்று கொசு ரீங்காரம் மாதிரி ஒன்று வரும், யாரும் இரண்டு நிமிடம் கேட்க மாட்டார்கள். அந்த நூற்றுக்கணக்கான குமிழ்களையும் ஒருவர் உட்கார்ந்து திருகி, காதால் தேர்ந்து, இதுதான் சரி என்று ஓரிடத்தில் நிறுத்தி, பெயர் வைத்துச் சேமித்தால் அதுதான் ப்ரீசெட்.

'ஒருவர் உட்கார்ந்து' என்ற இரண்டு வார்த்தையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ப்ரீசெட் மெஷினோடு சேர்ந்து தானாக முளைத்தது என்று நினைக்கிறார்கள். முளைக்கவில்லை ஐயா. ஒரு மனிதர் எழுதினார்.

ஓர் உதாரணம். 1983-ல் யமஹா டிஎக்ஸ்7 என்ற கீபோர்டை வெளியிட்டது. அதன் அடிப்படைத் தத்துவமான எஃப்எம் சிந்தஸிஸைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங், 1967-ல். ஒலித் தொழில்நுட்பம் படிக்கும் எவருக்கும் அவர் பெயர் தெரியும், தெரிய வேண்டியதுதான். ஆனால் எஃப்எம் இன்றைக்கும் திருகுவதற்குக் கஷ்டமான சமாச்சாரம். டிஎக்ஸ்7-ல் ஆறு 'ஆபரேட்டர்'கள், அவற்றை ஒன்றோடொன்று கோர்க்க 32 வழிகள். ஓர் எண்ணைக் கொஞ்சம் மாற்றினால் மணிச் சத்தம் தகர டப்பா சத்தமாகிவிடும். அதுவும் அந்தக் கீபோர்டில் குமிழ்களே கிடையாது, பட்டனை அழுத்தி அழுத்தி ஒவ்வோர் எண்ணாக மாற்ற வேண்டும். வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பக்கமே போகவில்லை. கூடவே வந்த ஒலிகளைத்தான் வாசித்தார்கள்.

அந்த ஒலிகளைச் செய்தவர்கள் டேவ் பிரிஸ்டோ, கேரி லூவன்பெர்கர் என்ற இரண்டு பேர். எண்பதுகளின் மேற்கத்திய காதல் பாட்டுகளில் கண்ணாடி மணி கலந்த மாதிரி ஒரு எலெக்ட்ரிக் பியானோ கேட்கும் பாருங்கள், அது டிஎக்ஸ்7-ன் 'இ.பியானோ 1'. அதன் உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று ஜோடி ஆபரேட்டர்கள். ஒரு ஜோடியில் ஆட்டி வைக்கும் ஆபரேட்டரின் அதிர்வெண், மூல ஸ்வரத்தைப் போல 14 மடங்கு. அந்த 14-தான் 'டிங்' என்ற அந்தக் கண்ணாடிச் சிணுங்கல். கட்டையை மெதுவாக அழுத்தினால் சிணுங்கல் குறைவாக, ஓங்கி அழுத்தினால் பளிச்சென்று வரும்படி அமைத்திருக்கிறார்கள். வாசிப்பவரின் விரல் அழுத்தத்துக்கு ஒலி பதில் சொல்கிறது. இந்த 14 வானத்திலிருந்து குதிக்கவில்லை. 13 ஏன் வேண்டாம், 15 ஏன் வேண்டாம் என்று ஒரு காது தீர்மானித்தது.

இன்னொரு கணக்கு. டிஎக்ஸ்7-ன் ஓர் ஒலியைப் பிரித்து எழுதினால் 155 பைட். 32 ஒலிகளைச் சுருக்கி அடைத்தால் மொத்தம் 4 கிலோபைட். நான் இந்தப் பதிவில் அடித்திருக்கும் எழுத்துகளே அதைவிட அதிக இடம் பிடிக்கும். அந்த 4 கிலோபைட் ஒரு தலைமுறையின் இசைக்கு நிறம் கொடுத்தது. அதே எண்களை இன்று 'டெக்ஸ்ட்' என்ற இலவச மென்பொருளில் ஏற்றினால் 1983-ன் அதே ஒலிகள் உங்கள் லேப்டாப்பிலும் எழுந்து வரும்.

அந்த 155 பைட்டில் பத்து பைட் ஒலியின் பெயருக்கு. செய்தவர் பெயருக்கு? பூஜ்யம். இடமே ஒதுக்கவில்லை. இந்த வியாதி அங்கேயே ஆரம்பம்.

டிஎக்ஸ்7 ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். 1978-ல் வந்த ப்ராஃபெட்-5 நாற்பது ஒலிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். அதை வடிவமைத்த டேவ் ஸ்மித்தைப் பலருக்கும் தெரியும், அதற்குள் தொழிற்சாலை ஒலிகளைச் செய்து வைத்த ஜான் போவனை எத்தனை பேருக்குத் தெரியும்? என்யாவின் 'ஒரினோகோ ஃப்ளோ' (1988) பாட்டில் துள்ளும் அந்த நரம்பிசை, ரோலண்ட் டி-50-ல் இருந்த ஒரு ப்ரீசெட். ராபின் எஸ் பாடிய 'ஷோ மீ லவ்' பாட்டின் ஸ்டோன்பிரிட்ஜ் ரீமிக்ஸ் உலகமெல்லாம் ஓடியதே, அதில் அடித்தளமாக ஒலிக்கும் ஆர்கன், கோர்க் எம்1-ன் 'ஆர்கன் 2'. அந்த ஒற்றை ஒலி பிறகு ஹவுஸ் இசையின் முகவரியாகவே ஆகிவிட்டது. ப்ரீசெட் தட்டினால் பாட்டு உருப்படாது என்பவர்கள் இந்த இரண்டையும் எங்கே வைப்பார்கள்?

"எல்லோரும் ஒரே ப்ரீசெட்டைத் தட்டினால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்குமே?" என்பது எதிர்க்கட்சியின் பெரிய அஸ்திரம்.

நம் ஊர் கணக்கில் பார்ப்போம். வீணை வாசிப்பவர் பலா மரத்தைத் தானே குடைந்தாரா என்று எந்தச் சபையிலாவது கேட்டிருக்கிறோமா? கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டை என்று ஓர் ஊர். ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிறவர்களின் ஊர், 2022-ல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய திமிரி நாதஸ்வரத்தில் சுத்த மத்யமம் சரியாக நிற்காது என்பது வித்வான்களின் நெடுநாள் குறை. அந்த ஊர் ரங்கநாத ஆசாரி பலமுறை முயன்று, சுத்த மத்யமம் ஒழுங்காகப் பேசும் பாரி நாதஸ்வரத்தைச் செய்தார். டி.என். ராஜரத்தினம் பிள்ளை அதை வாசித்தார். பிள்ளைவாளைப் பார்த்து "ஆசாரி செய்து கொடுத்த ஒலியைத்தானே ஊதுகிறீர்கள்" என்று சொல்லும் தைரியம் யாருக்காவது உண்டா? ஒரே குழலை இரண்டு பேர் ஊதினால் இரண்டு தோடி வருகிறது. ஒரே ப்ரீசெட்டை இரண்டு பேர் வாசித்து ஒரே மாதிரி இருந்தால் பஞ்சம் வாசித்தவர்களிடம், ஒலியில் இல்லை.

அந்த ஆசாரிக்கு வருவோம். ராஜரத்தினம் பிள்ளையைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? கருவி செய்தவன் பின்னால் நிற்பதும், வாசித்தவன் மட்டும் முன்னால் தெரிவதும் நமக்குப் புதிதில்லை. சிந்தசைசர் உலகமும் அதே பழக்கத்தைத்தான் நவீன உடையில் நடத்துகிறது.

நவீன உடை என்றேனே, அதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மேட் டைட்டல் என்பவர் 2020-ல் 'வைட்டல்' என்ற மென்பொருள் சிந்தை வெளியிட்டார். அருமையான சரக்கு. அதற்கு இலவசப் பதிப்பும் உண்டு, 80 டாலர் பதிப்பும் உண்டு. ஒலியை உண்டாக்கும் இயந்திரம் இரண்டிலும் ஒன்றேதான். இலவசத்தில் ப்ரீசெட் 75, 80 டாலருக்கு 400-க்கும் மேல். வேவ்டேபிள்களும் அப்படியே கூடும். அதாவது ஆஸிலேட்டரும் ஃபில்டரும் சும்மா கிடைக்கின்றன, காசு முக்கியமாக ஒலிகளுக்கு. ப்ரீசெட் என்றால் ஒன்றுமில்லை என்று நாம் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போது சந்தை அதற்கு விலைச்சீட்டு ஒட்டி விற்றுக்கொண்டிருக்கிறது. டி-50-ன் ஒலிகளை வடிவமைத்தவர்களில் ஒருவரான எரிக் பெர்சிங் 1994-ல் ஸ்பெக்ட்ராசோனிக்ஸ் என்று சொந்த நிறுவனமே ஆரம்பித்தார். 2008-ல் வந்த அவர்களுடைய 'ஆம்னிஸ்ஃபியர்' இன்று திரையிசை செய்யும் ஏகப்பட்ட பேருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒலி செய்வது ஒரு தொழில், ஒரு கலை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

இது ஏன் எனக்கு இவ்வளவு உறைக்கிறது என்றால், நானும் ஒலி செய்கிறேன். போன வருடம் இணையத்தில் ப்ரீசெட் விற்கும் ஒரு சின்னக் கடைக்கு ஐம்பது ஒலிகள் செய்து கொடுத்தேன் (பெயர் வேண்டாம், இந்தப் பதிவு அவர்களுக்கு விளம்பரம் ஆகிவிடக் கூடாது). மூன்று மாதம், ராத்திரி எல்லாம். ஹாஸ்டலில் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் இருந்ததால் எனக்குக் காது கேட்காது என்று பக்கத்து அறைக்காரன் கிளப்பிவிட்டான். கிடைத்த பணம் ஒரு மாத மெஸ் பில்லுக்குச் சரியாக இருந்தது. அதைக்கூட விடுங்கள். விற்பனைக்கு வந்த பிறகு வாங்கிய நண்பன் ஒருவன் திறந்து காட்டினான். இப்போதைய மென்பொருள்களில் 'ஆத்தர்' என்று ஒரு கட்டம் உண்டு, ஒலியைச் செய்தவர் பெயர் போடுவதற்கென்றே. டிஎக்ஸ்7-ல் இல்லாத வசதி. ஐம்பதிலும் என் பெயரை அழித்துவிட்டுக் கடையின் பெயரைப் போட்டிருந்தார்கள். கேட்டேன். "யார் ப்ரீசெட்டில் பெயர் பார்க்கிறார்கள்?" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை அவர்களாக யோசித்துச் சொல்லவில்லை. "ப்ரீசெட் தானே?" என்று நாம் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். நாம் ஒன்றை இளக்காரமாகப் பார்த்தால் அதைச் செய்தவர் பெயரை அழிப்பது சுலபமாகிவிடுகிறது. அநியாயம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

சரி, எங்கள் பக்கத்தையும் சும்மா விட முடியாது. ஆசிரியர் என்று மரியாதை கேட்டால் ஆசிரியருக்கான பொறுப்பையும் ஏற்க வேண்டும். இன்று '500 ப்ரீசெட், வெறும் இத்தனை ரூபாய்' என்று விற்கிறவற்றில் முக்கால்வாசி குப்பை. ஒரே ஒலியை எடுத்து ஃபில்டரை இம்மி நகர்த்திப் பெயரை மாற்றி இருபது ஆக்குவது. கடையில் ஒற்றைக் கட்டையை அழுத்திப் பார்ப்பவரை மயக்குவதற்காக ரிவர்பையும் டிலேயையும் அண்டா அண்டாவாக ஊற்றுவது. தனியாகக் கேட்டால் கோயில் கோபுரம் மாதிரி இருக்கும், பாட்டுக்குள் வைத்தால் பாடகர் குரலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சத்த அளவு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல், அடுத்த ஒலிக்குப் போனால் காது பிய்ந்துவிடும். மாட் வீலைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. அழுத்தமாக வாசித்தாலும் மெல்ல வாசித்தாலும் ஒரே முகம். இதையெல்லாம் செய்துவிட்டு மரியாதை கேட்டால் எப்படி?

ஆனால் இதைத் திட்டுவதற்கே முதலில் ப்ரீசெட்டை ஒரு படைப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, கவனித்தீர்களா? மோசமான கதை என்று சொல்ல, கதை என்று ஒன்று இருப்பதை ஏற்க வேண்டும். எல்லா ப்ரீசெட்டும் கேவலம் என்பவருக்கு நல்லதற்கும் குப்பைக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாது. அவர் பேச்சால் குப்பை விற்பவருக்குத்தான் லாபம்.

இனி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் விஷயம்.

ப்ரீசெட்டை யாரும் எழுதவில்லை, அது இயல்பாகவே அப்படி இருக்கிறது என்று நம்பினால், அதற்குள் இருக்கும் முடிவுகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 1991-ல் ஜெனரல் மிடி என்ற பொதுத்தரம் வந்தது. எந்தக் கம்பெனி கருவியானாலும் 1-ஆம் எண் பியானோ, 41-ஆம் எண் வயலின் என்று 128 ஒலிகளுக்கு ஒரு நிரந்தர வரிசை. நல்ல ஏற்பாடு. இதில் 105 முதல் 112 வரை உள்ள எட்டுக்கு 'எத்னிக்' என்று தலைப்பு. சிதார், பான்ஜோ, ஷாமிசென், கோட்டோ, கலிம்பா, பேக்பைப், ஃபிடில், ஷெனாய். ஆசியா, ஆப்பிரிக்கா, ஸ்காட்லாந்து, அமெரிக்கக் கிராமம் எல்லாம் ஒரே சாக்கில். பெரிய வேடிக்கை அந்த ஃபிடில். வயலினும் ஃபிடிலும் ஒரே மரப்பெட்டிதான் சார்! கச்சேரி மண்டபத்தில் வாசித்தால் 41, 'ஸ்ட்ரிங்ஸ்' குடும்பம். கிராமத்து ஆட்டத்துக்கு வாசித்தால் 111, 'எத்னிக்'. இந்தக் கோட்டை இயற்கை போடவில்லை. ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்த சிலர் போட்டார்கள்.

நமக்கு என்ன கிடைத்தது? வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை. கல்யாணப் பாட்டுக்கு நாதஸ்வரம் வேண்டும் என்றால் 112-ஆம் எண் ஷெனாயைத் தட்ட வேண்டியதுதான். பிறகு யமஹா போன்றவர்கள் இந்தியச் சந்தைக்கென்றே கீபோர்டுகள் கொண்டுவந்து நிலைமையைக் கொஞ்சம் மாற்றினார்கள். ஆனால் மென்பொருள் சிந்த் உலகில் இன்னமும் 'இந்தியா' என்றால் ஒரு சிதார், ஒரு தபலா, பின்னால் ஒரு மர்மமான தம்புரா என்ற அளவில்தான் பல தொகுப்புகள் நிற்கின்றன.

கருவியின் பெயர் மட்டும் பிரச்சினை இல்லை. பிட்ச் பெண்ட் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ப்ரீசெட்டுகளில் அது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம்தான் நகரும். கிடார் மாதிரி லேசாக வளைக்க அது போதும். சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு போட வேண்டுமானால் ஏழு அரைச்சுரம் வேண்டுமே! பாதி வழியில், பாதிகூட இல்லை, நின்றுவிடும். பல மென்பொருள்களில் இந்த அளவு ப்ரீசெட்டுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. செய்தவர் 12 என்று ஓர் எண்ணைப் போட்டிருந்தால் முடிந்தது. போடவில்லை, ஏனென்றால் செய்தவர் மனதில் ஜாரு இல்லை. அவர்மேல் குற்றமும் இல்லை. ஜாரு தெரிந்தவன் ப்ரீசெட் செய்ய உட்காரவில்லை என்பதுதான் குற்றம்.

ஏன் உட்காரவில்லை? கேவலம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோமே! "ப்ரீசெட் செய்யறியா? பாட்டுப் போடுறா" என்கிறோம். காது உள்ள பசங்க எல்லாம் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நம் ஸ்வரம் எப்படி வளைய வேண்டும், எப்படி நெளிய வேண்டும் என்பதை எங்கோ இருப்பவர் அனுமானத்தில் எழுதுகிறார். நாம் அதை வாங்கி வாசித்துவிட்டு "கீபோர்டில் கமகம் வராது" என்று சித்தாந்தம் பேசுகிறோம்.

வரும். எடுத்தவுடனே நாதஸ்வரத்தை அச்சாக எடுத்து வைக்க முடியாதுதான், ஆனால் அதன் நடையைப் பிடிக்கலாம். ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் ஒலிக்கும்படி மோனோவில் வையுங்கள். லெகாட்டோவைப் போடுங்கள், அப்போதுதான் ஸ்வரம் மாறும்போதெல்லாம் என்வலப் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்காது, ஒரே மூச்சில் ஊதுவது போல ஓடும். பிட்ச் பெண்டை 12 ஆக்குங்கள். மாட் வீலில் ஃபில்டரைக் கட்டுங்கள், மூச்சை அழுத்தினால் ஒலி விரிகிற மாதிரி. ஆரம்பத்தில் துளி இரைச்சல், சீவாளியில் காற்று பிடிப்பதற்காக. ரிவர்பை அடக்கி வாசியுங்கள். அடிக் கட்டையிலிருந்து உச்சி வரை ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள், மேலே கீச்சிட்டால் அங்கே மட்டும் வடிகட்டுங்கள். வைட்டல் இலவசம். 2018-ல் திறமூலமாகிவிட்ட 'சர்ஜ்' அதுவும் இலவசம். தேவை பொறுமையும் காதும்.

ஆக, கேட்பது மூன்றே மூன்று. ப்ரீசெட் வாசித்தவரைக் கேலி செய்யும் முன் அவர் என்ன வாசித்தார் என்று கேளுங்கள். ஒலி பிடித்திருந்தால் 'ஆத்தர்' கட்டத்தைப் பாருங்கள், உங்கள் பாட்டுக்குக் கீழே நன்றி எழுதும்போது அந்தப் பெயரையும் ஒரு வரி சேருங்கள். அடுத்தவர் ஒலியைத் திருகி மாற்றிச் சேமித்தால் உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் பெயரை அழிக்காதீர்கள். காசு செலவில்லை, பத்து வினாடி வேலை.

அடுத்த முறை யாராவது "ப்ரீசெட் தானே?" என்றால், "ஆமாம், யார் செய்தது தெரியுமா?" என்று திருப்பிக் கேளுங்கள். நிச்சயம் தெரிந்திருக்காது. பேச்சு அங்கே நின்றுவிடும்.

பி.கு: மேலே சொன்ன நாதஸ்வர நடை ஒலியை வைட்டலில் முடித்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் கேளுங்கள், சும்மாவே தருகிறேன். தோடி தெரிந்தவர்கள் வாசித்துப் பார்த்து எங்கே உதைக்கிறது என்று பின்னூட்டத்தில் சொன்னால் திருத்துவேன். ஆத்தர் கட்டத்தை மட்டும் தொடாதீர்கள் :-)